இரண்டு காது முடிச்சு

கடை திறக்க இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. அதற்குள் கென்சாகு மூன்று தடவை ஷட்டர் அருகே போய்விட்டுத் திரும்பினான். ராத்திரி பெய்த பனி நடைபாதையில் கூழாகக் கிடந்தது. அதை ஷூவால் ஓரம் தள்ளுவதும் மணி பார்ப்பதுமாக நின்றான். அம்மா ஊரான முராகாமிக்குப் போகும் ரயில் பத்து பதிமூன்றுக்கு. பன்னிரண்டு மணிக்கு அங்கே சாப்பாடு. கையில் ஒரு பாட்டில் சாகே மது இல்லாமல் போவதற்குப் போகாமலே இருந்துவிடலாம்.

மனுஷனுக்கு நாற்பத்தேழு வயது. அதில் இருபத்து நான்கு வருடம் நீகாத்தா நகரப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் போயிருக்கிறது. தினமும் விடிவதற்கு முன்னால் பணிமனைக்குப் போய்க் குழாயில் ஊத வேண்டும். மூச்சில் மது இல்லை என்று மெஷின் சொன்ன பிறகுதான் வண்டிச் சாவி கைக்கு வரும். இவனுக்கு அந்த மெஷினே தண்டம். ஒரு மடக்கு உள்ளே போனால் போதும், காது நுனி வரைக்கும் சிவந்து, பத்தடி தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். கல்யாணமோ கருமாதியோ, இவன் கிளாஸில் பார்லி டீதான். நீகாத்தாவில் பிறந்துவிட்டு சாகே தெரியாமல் ஒருத்தன் இருந்தால் கூட வேலை பார்க்கிறவர்கள் சும்மா விடுவார்களா? "ஹோரிஉச்சி அண்ணன் வீட்டுல இருக்கறதுலயே பெரிய பாட்டில் சோயா சாஸ் பாட்டில்தான்" என்று இவன் குடும்பப் பெயரைப் போட்டு வருடா வருடம் புத்தாண்டு விருந்தில் யாராவது எழுந்து சொல்வார்கள். இவனும் வருடா வருடம் சிரிப்பான்.

இப்படிப்பட்டவனை இந்தத் திங்கட்கிழமை காலையில் சாகே கடை வாசலில் நிறுத்தியது ஒரு தபால் அட்டை. எழுதியவள் அவனைப் பெற்ற மினேகோ. எழுபத்தொரு வயது. அட்டையில் இருந்தது இவ்வளவுதான்:

'திங்கட்கிழமை காலை நகராட்சியில் கல்யாணப் பதிவு. மதியம் பன்னிரண்டுக்கு சகாசுமே கடை மாடியில் சாப்பாடு. பெண் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் சாகே வர வேண்டும். வீடு என்று இருப்பது நீ ஒருவன்தான். வராவிட்டால் போன் பண்ணிக் காரணம் சொல்லாதே.'

சகாசுமே முடிதிருத்துபவர். எழுபத்து நான்கு வயது, மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. கென்சாகுவின் அப்பாவுக்கு முப்பது வருடத்துக்கு மேல் முடி வெட்டினார். கென்சாகுவுக்கும் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை அவர்தான் வெட்டினார். அப்பா செத்து ஒன்பது வருடம் ஆகிறது. பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அம்மா ரயிலேறி நீகாத்தாவுக்கு வந்து, இவன் சமையலறையில் உட்கார்ந்து, தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தபடி, "சகாசுமேகூடவே இருந்துடலாம்னு பாக்கறேன்டா" என்றாள். இவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். "அப்பா தலையில கத்தரி வெச்ச ஆளு, இப்போ அப்பா சோத்துக் கிண்ணத்துலயும் கை வெக்கிறாரா?" என்றான். அம்மா எழுந்தாள். ஷூவைப் போட்டாள். போய்விட்டாள். அதற்கப்புறம் போனும் இல்லை, பேச்சும் இல்லை.

வயிற்றெரிச்சல், வேறென்ன. அப்பாவின் நாற்காலி காலியாகவே இருக்க வேண்டும் என்று நினைத்தான், அதில் தான்கூடப் போய் உட்கார்ந்ததில்லை. அம்மாவை வருடத்துக்கு இரண்டு முறை பார்க்கப் போவான். அதையும் ரயில் நேரம் பார்த்துத்தான் போவான். அந்த வார்த்தையைச் சொன்ன மறுநிமிடமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பதினொரு மாதம் சும்மாவே இருந்தான்.

ஒன்பது மணிக்கு ஷட்டர் ஏறியது. கடைக்காரப் பெண்மணி கைசு, கென்சாகு வயதுதான் இருக்கும், கழுத்தில் துண்டோடு நின்றாள்.

"வாங்க வாங்க. குளிர்ல எவ்வளவு நேரமா நிக்கறீங்க? கதவைத் தட்டியிருக்கலாம்ல?"

"பரவாயில்ல. எனக்கு ஒரு பாட்டில் வேணும். பெரிய பாட்டில். பத்து பதிமூணுக்கு ரயில்."

"அப்போ நேரம் நெறையவே இருக்கு" என்று சிரித்தாள். ஒரு மணி நேரத்தை நிறைய என்று சொல்கிறவர்களைக் கண்டால் கென்சாகுவுக்கு எப்போதுமே கொஞ்சம் பயம்.

உள்ளே பார்த்தான். தரையிலிருந்து கூரைவரை பாட்டில். பச்சை, பழுப்பு, நீலம். ஒவ்வொன்றின் முதுகிலும் எண்கள்: அரிசியை எவ்வளவு தீட்டினார்கள், காரமா இனிப்பா, எந்த வருடத்து அறுவடை. எந்த எண் பேருந்து எந்த மருத்துவமனை வழியாகப் போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். இந்த எண்களைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேராகப் போய், பட்டுத்துணி போட்ட மரப்பெட்டியில் படுத்திருந்த ஒரு பாட்டிலைக் காட்டினான். விலைச் சீட்டில் பதினோராயிரம் யென்.

"இதைக் கொடுங்க."

"கொடுத்துடலாம். யாருக்கு?"

"ஒருத்தருக்கு."

"எப்படிக் குடிப்பாரு? சில்லுன்னா, சூடு பண்ணியா?"

"தெரியல."

"கூட என்ன சாப்பிடுவாரு? மீன் வறுவல்? ஊறுகா?"

"தெரியல."

"தனியா குடிக்கிற ஆளா, நாலு பேரோடயா?"

கென்சாகு மணி பார்த்தான். ஒன்பது ஏழு. "தெரியலைங்க. எனக்குக் குடியும் தெரியாது, அவரையும் தெரியாது. காஸ்ட்லியா இருந்தா நல்லா இருக்கும்தானே?"

கைசு பெட்டியை மூடினாள். "இந்தச் சரக்கு பழ வாசனை அடிக்கும். பனிக்கட்டி மாதிரி குளிர வெச்சு, சின்ன கிளாஸ்ல ஊத்தி, மோந்து மோந்து குடிக்கணும். அந்த ஆளு சூடு பண்ணிக் குடிக்கிறவரா இருந்தா, இதை அடுப்புல வெச்ச அடுத்த நிமிஷம் உங்க பதினோராயிரமும் ஆவியாப் போயிடும். கோவிச்சுக்காதீங்க அண்ணே, இந்த வெலை அவருக்காகவா, இல்ல நீங்க ஏதோ தப்பு பண்ணிட்டு வந்திருக்கீங்களா?"

கென்சாகுவின் காது சாகே இல்லாமலே சிவந்தது.

"சரி விடுங்க" என்றாள். "கொஞ்சம் ருசி பாக்கறீங்களா? நாலஞ்சு தெறந்து வெச்சிருக்கேன்."

"அய்யோ, வேணாம். நான் பஸ் ஓட்டறவன். நாளைக்குக் காலைல ஊதணும். அதோட ஒரு சொட்டு பட்டாலே தக்காளி ஆயிடுவேன்."

"குடிக்கத் தெரியாது, ஆளையும் தெரியாது. நல்லா வந்து மாட்டினீங்க." துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு கவுண்டரில் சாய்ந்தாள். "அவரைப் பத்தித் தெரிஞ்சது ஒண்ணு சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு. என்ன வேலை பாக்கறாரு?"

"முடி வெட்டறாரு."

"யாருக்கு?"

"எங்க அப்பாவுக்கு. எனக்கும். சின்ன வயசுல."

சொல்லி முடிப்பதற்குள் பிடரியில் ஒரு சூடு பரவியது. எங்கிருந்து வந்தது அது? கண்ணாடிக்கு முன்னால் உயர்த்திப் போட்ட பலகை, கால் தரையில் எட்டாத ஏழு வயது. வெளியே முழங்கால் வரை பனி. அடுப்பின் மேல் கெட்டில் முனகிக்கொண்டிருக்கும். சகாசுமே அதன் வயிற்றில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணுவார். அதற்கப்புறம்தான் பையனின் கழுத்தைத் தொடுவார். ஒருநாள்கூட அவசரத்தில் குளிர்ந்த கையை வைத்ததில்லை. மூலையில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஊரைவிட்டு வந்தபிறகு எத்தனை கடைகளில் முடி வெட்டியிருப்பான், அத்தனை பேரும் ஐஸ் விரலோடு வந்து தோளைக் குலுக்கவைத்தவர்கள்தான். அதை ஒரு தடவைகூட யோசித்துப் பார்த்ததில்லையே என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தயங்கித் தயங்கி கைசுவிடம் அதைச் சொன்னான்.

"இப்போதான் ஒரு ஆளைச் சொல்லியிருக்கீங்க" என்று உள்ளே போனாள். கீழ்த்தட்டிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய பாட்டிலை இழுத்து வந்து, அதே சரக்கில் திறந்து வைத்திருந்த இன்னொரு பாட்டிலின் மூடியை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "குடிக்க வேணாம், மோந்து பாருங்க. மோந்ததுக்கு யாரும் கேஸ் போட மாட்டாங்க."

பழ வாசனை இல்லை. வடித்த சோற்றின் வாசனைபோல ஏதோ ஒன்று, பின்னாலேயே லேசாகப் புளிப்பு.

"கையைச் சுட வெச்சுக்கிட்டு அடுத்தவனைத் தொடறவரு சாகேவைக் குளிர்ச்சியா குடிப்பாருன்னு எனக்குத் தோணல. இது சும்மா குடிச்சா சுமார்தான். சூடு ஏற ஏறத்தான் வாயைத் தெறக்கும். வெலை ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம். மட்டமான சரக்குன்னு நெனச்சிடாதீங்க."

அவன் மரப்பெட்டியை இன்னொரு தடவை பார்த்தான். மலிவாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று அம்மா நினைத்துவிட்டால்? சூடு பண்ணாத ஆளாக இருந்துவிட்டால்? கெட்டிலை நம்பி யாராவது சாகே வாங்குவார்களா? ஒன்பது முப்பத்தொன்று. "சரி, இதையே கொடுங்க" என்றான்.

"என்ன விசேஷம்? மேல காகிதம் சுத்தணும்ல."

இங்கேதான் சறுக்கினான். அம்மாவுக்குக் கல்யாணம் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. ஆனால் எழுபத்தொரு வயதுப் பெண்மணிக்குக் கல்யாணம், நான் அவள் பிள்ளை என்று ஒரு கடைக்காரியிடம் சொல்ல அவனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "வயசானவருக்கு ஒரு நல்ல நாள்" என்றான்.

"ஓ, எழுபத்தேழு ஆகுதா? ராசியான வயசாச்சே."

தலையை ஆட்டினான். தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆட்டினான்.

"நூறு வரைக்கும் இருக்கட்டும். மேல 'வாழ்த்து'ன்னு மட்டும் போட்டாப் போதுமா? கீழ பேரு?"

"ஹோரிஉச்சி."

அவள் தூரிகையை எடுத்து அழகாக எழுதினாள். அப்பாவின் குடும்பப் பெயர், கறுப்பு மையில் கொழுகொழுவென்று. நடுவே சிவப்பும் வெள்ளையுமாக அச்சடித்த ஒரு கயிற்று முடிச்சு. அதை அவன் பார்க்கவில்லை. மணியைத்தான் பார்த்தான்.

ரயில் ஏறி, பாட்டிலை மடியில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு, ஷிபாட்டா ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் மூச்சு ஒருநிலைக்கு வந்தது. மனைவி சிகுசா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள், லீவு கிடைக்காததால் வரவில்லை. அவளுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினான். 'நானே தேர்ந்தெடுத்தது' என்றும் பெருமையாக எழுதினான்.

ஒரு நிமிடத்தில் போன் அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது. இருக்கைகளின் நடுவே பேசக்கூடாது என்பதால் பாட்டிலோடு எழுந்து கதவோரத்துக்குப் போனான்.

"ஏங்க, அந்தக் காகிதத்துல என்ன முடிச்சு?"

"என்ன முடிச்சுன்னா? சிவப்பு வெள்ள முடிச்சு."

"ரெண்டு பக்கமும் காது இருக்கா?"

பார்த்தான். ஷூ லேஸ் கட்டினதுபோல இரண்டு பெரிய வளையம், பட்டாம்பூச்சி மாதிரி. "இருக்கு."

"அய்யய்யோ! காது வெச்ச முடிச்சு பொறந்தநாளுக்கு, கொழந்த பொறந்தா, பரீட்சை பாஸானா! அவுத்து அவுத்துத் திரும்பக் கட்டலாம், இந்த நல்லது மறுபடி மறுபடி வரட்டும்னு அர்த்தம். கல்யாணத்துக்கு அவுக்கவே முடியாத முடிச்சுல்ல போடணும்? ஒரே தடவைதான்னு! நீங்க என்னடான்னா, இருக்கறதே ரெண்டாவது கல்யாணம், மூணாவதும் வரட்டும்னு எழுதி எடுத்துக்கிட்டுப் போறீங்க!"

"நம்ம கல்யாணத்துக்கும் இப்படித்தானா?" என்று கேட்டான், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

"நம்ம கல்யாணத்துக்கு எல்லாம் எங்க அப்பா பாத்துக்கிட்டாரு. கடையில என்ன சொன்னீங்க? கல்யாணம்னு சொன்னீங்களா இல்லையா?"

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். கண்ணாடிக்கு வெளியே வெள்ளை வயல்கள் ஓடின.

"சொல்லல" என்று சிகுசாவே சொன்னாள். குரல் இறங்கிவிட்டது. "அத்தை பாத்தா என்ன நெனப்பாங்க? பதினோரு மாசம் கழிச்சு வந்து, அதையே வேற மாதிரி திட்டிட்டுப் போறான்னு நெனப்பாங்க."

அதுதான் அவனுக்கும் தோன்றியது. காகிதத்தைக் கிழித்துவிடலாமா? கிழித்தால் வெறும் பாட்டில். வெறும் பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்காரன்கூடக் கொண்டுவருவான். பெண் வீட்டிலிருந்து வந்தது என்பதற்கு அடையாளமே அந்தக் காகிதம்தான், அதில் இருக்கிற பெயர்தான். விரல் விளிம்பில் போய் நின்றது. 'ஹோரிஉச்சி' என்ற எழுத்தைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டது. உட்கார முடியவில்லை. மீதி வழி முழுக்கக் கதவோரத்திலேயே நின்றான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்குகிறவர்கள், பாட்டிலும் கையுமாக வழியில் நிற்கிற இவனைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

முராகாமியில் இறங்கியபோது பதினொன்று இருபத்தொன்பது. ஸ்டேஷனுக்கு எதிரில் இருபத்து நாலு மணிநேரக் கடை. அங்கே மொய்ப்பணம் வைக்கிற கவர்கள் தொங்கும். கல்யாணக் கவரில் நிஜக் கயிற்றிலேயே அவிழாத முடிச்சு போட்டிருப்பார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு ஓடினான்.

"கத்தரி இல்லாம இந்தக் கயித்தைப் பிரிக்க முடியுமா? அப்படியே, கொஞ்சம் டேப்பும் வேணும்."

கல்லாவில் இருந்த பெண் விழித்தாள். "கவருக்குள்ள பணம் வெக்கத்தானே..."

"கவர் வேணாம்மா, நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு முடிச்சுதான் வேணும்."

ஜன்னலோர மேஜையில் பாட்டிலைப் படுக்கவைத்து, கவரிலிருந்து உருவிய முடிச்சை அச்சடித்த முடிச்சின் மேல் வைத்தான். சின்னதாக இருந்தது. கயிற்று முடிச்சு நடுவில் ஜம்மென்று உட்கார்ந்தது, அதற்கு இரண்டு பக்கமும் பட்டாம்பூச்சிக் காது எட்டிப் பார்த்தது. குறுக்கே வைத்தான். காது மேலும் கீழும் எட்டிப் பார்த்தது. சாய்த்து வைத்தான். ஒரு காது மறைந்தது, மறு காது மொத்தமாக வெளியே வந்து நின்றது. டேப் அவன் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நிமிர்ந்து பார்த்தால் பதினொன்று ஐம்பத்திரண்டு.

அட கடவுளே! எத்தனை காலம் கழித்து ஓடினானோ தெரியாது, ஓடினான். உருகின பனியில் கால் வழுக்க, பாட்டிலை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, நாற்பத்தேழு வயதுக்காரன் தெருவோடு ஓடினான். திங்கட்கிழமை முடிவெட்டும் கடைகளுக்கு விடுமுறை. சகாசுமே கடை வாசலில் முடிவெட்டும் கடைக்கு அடையாளமான சிவப்பு நீலக் கம்பம் சுற்றாமல் நின்றது. பக்கத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே மாடிப்படி.

இரண்டு படி ஏறினவன் அம்மா குரல் கேட்டு நின்றான்.

"பன்னெண்டு ஆறு. இருபத்து நாலு வருஷமா ஒரு நிமிஷம் தாமசமா வராதவன். இவ்வளவு நேரம் வரலைன்னா வரமாட்டான்னு அர்த்தம். சோத்தைப் போடுங்க."

"இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்போமே" என்றது சகாசுமே குரல்.

"எதுக்கு? மீன் ஆறி அவலாப் போகவா?" கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. கென்சாகு மிச்சப் படிகளை எப்படி ஏறினான் என்பது அவனுக்கே தெரியாது.

தாழ்வான மேஜையில் செம்பயறு சோறு, வாலோடு ஒரு முழு மீன், மூன்று தட்டு. மூன்று. அம்மா ஊதா கிமோனோ கட்டியிருந்தாள். சகாசுமே கோட்டும் டையுமாக, கல்யாண மாப்பிள்ளைக்குரிய அத்தனை அவஸ்தையோடும் உட்கார்ந்திருந்தார். கென்சாகு மண்டியிட்டு, பாட்டிலை இரண்டு கையாலும் அம்மா முன்னால் நகர்த்தினான். மூச்சு இரைத்தது.

"அம்மா. பொண்ணு வீட்டுலேர்ந்து கொண்டுவந்திருக்கேன்."

மினேகோ அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காகிதத்தைப் பார்த்தாள். மையில் எழுதியிருந்த பெயரை ஒரு விரலால் மேலிருந்து கீழே தடவினாள். விரல் நடுவுக்கு வந்தது. டேப்பில் நின்றது.

"இது என்னடா?"

கல்யாணப் பெண்ணுக்குக் கண் கூர்மை, அந்தக் காலத்திலேயே. சாய்ந்து கிடந்த கயிற்றை நகத்தால் தூக்கி, அடியில் இருந்ததைப் பார்த்தாள். "காது முடிச்சு. திரும்பத் திரும்ப வரட்டும். இன்னொருத்தனையும் கட்டிக்கோன்னு சொல்ல வந்தியா?"

பொய் சொல்ல நேரமிருந்தது. கடைக்காரி தப்பு பண்ணிவிட்டாள் என்று சொல்லலாம், யாரும் போய்க் கேட்கப் போவதில்லை.

"கடையில என்ன விசேஷம்னு கேட்டாங்க" என்றான். "எங்க அம்மாவுக்குக் கல்யாணம்னு சொல்ல வெக்கப்பட்டேன். யாருக்கோ எழுபத்தேழு வயசுன்னு பொய் சொன்னேன். அதனால வந்த முடிச்சு இது. அதை மறைக்கத்தான் இந்தக் கயிறு. மறைக்கவும் முடியல." தலையைத் தரைவரை குனிந்தான். "அன்னிக்குச் சொன்னதும் தப்பு. எல்லாமே தப்பு. மன்னிச்சுடுங்க. ரெண்டு பேரும்."

சகாசுமே எழுந்து கீழே போகிற சத்தம் கேட்டது. கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தான். திரும்பி வந்தபோது கையில் தோல் உறை. உறைக்குள்ளிருந்து நீளமாக, ஒல்லியாக ஒரு கத்தரி.

"அய்யய்யோ, என்ன பண்றீங்க?" மினேகோ பதறினாள். "அது முடி வெட்டற கத்தரி! காகிதத்துல பட்டா முனை போயிடும்னு என்னைத் தொடக்கூட விடமாட்டீங்களே! அதோட கல்யாண நாளும் அதுவுமா வெட்டற சாமானை எடுப்பாங்களா யாராவது?"

"பாட்டிலைப் பிடி தம்பி" என்றார் சகாசுமே. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, டேப்பை உரித்து, கயிற்றை ஓரம் வைத்தார். காகிதத்தை லேசாகத் தூக்கி, ஒரு பக்கம் சர்ரக். மறுபக்கம் சர்ரக். காதோரம் ஒதுக்குகிற அதே கை. இரண்டு வளையமும் பாயில் விழுந்தன. நடுவில் இறுக்கின முடிச்சு மட்டும் நின்றது. பெயருக்கு ஒரு கீறல் இல்லை.

"அம்பது வருஷமா இந்தக் கத்தரிதான் எனக்குச் சோறு போடுது மினேகோ. நான் வெட்டின எதுவும் அழிஞ்சதில்ல. திரும்ப வளரும்."

"அப்போ இந்தக் காதும் வளருமே?"

"வளரட்டும். இருக்கறவரைக்கும் மாசா மாசம் வெட்டிவிடறேன்."

மினேகோ சிரித்தாள். சிரித்தபடியே கிமோனோ கையால் கண்ணை ஒற்றினாள். அதற்குள் அந்த மனுஷன், யாரையும் கேட்காமல், பாட்டிலைத் திறந்து சின்னக் குடுவையில் ஊற்றி, அடுப்பில் முனகிக்கொண்டிருந்த கெட்டிலுக்குள் இறக்கினார். கென்சாகுவின் தோள் அப்போதுதான் தளர்ந்தது. காலையிலிருந்து தூக்கிப் பிடித்திருந்தான் போல.

"சூடு பண்ணித்தான் குடிப்பீங்களா?"

"பச்சையா குடிச்சா பல்லு கூசும் தம்பி. இது சூட்டுக்குன்னே இருக்கற சரக்கு. யாரு பாத்து எடுத்தது?"

"நான்தான்" என்றான். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க கெட்டில்ல கை வெக்கிறது மட்டும் ஞாபகம் இருந்துச்சு."

சகாசுமே தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். மூன்று சின்னக் கிண்ணத்திலும் ஊற்றினார், கென்சாகுவின் கிண்ணத்தில் அடி நனைகிற அளவுக்கு மட்டும். நாளைக் காலை ஊதுவதற்கு இன்னும் பதினாறு மணி நேரம் இருப்பதைக் கணக்குப் பார்த்துவிட்டு, அவன் அதை ஒரே மடக்காக விழுங்கினான். சோற்றின் ருசி. இரண்டு நிமிடத்தில் முகம் சிவந்து காது எரிந்தது.

அம்மா அவனை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"பிடரியெல்லாம் காடா மண்டிக் கெடக்கு. எந்தப் புண்ணியவான் வெட்டினான்? உனக்கும்தான் மாசா மாசம் முடி வளருது, பதினோரு மாசமா வழி தெரியலையா?"

"தெரியும்மா."

"அப்போ மாசா மாசம் வா."

சாப்பாடு முடிந்ததும் மூன்று பேரும் கீழே இறங்கினார்கள். விடுமுறை நாளில் கடை விளக்கு எரிந்தது, மாடிக் கெட்டில் கடை அடுப்புக்கு வந்தது. காகிதம் வெட்டின கத்தரியைச் சகாசுமே ஒருமுறை காற்றில் திறந்து மூடிப் பார்த்து, முனை போயிருக்கவும், பேசாமல் டிராயரில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அப்பா பேப்பர் படிக்கிற மூலையில் மினேகோ போய் உட்கார்ந்தாள். கென்சாகு நாற்காலியில் ஏறித் தலை குனிந்தான். இந்தத் தடவை கால் தரையில் எட்டியது. பின்னால் கெட்டில் முனகியது. ஒன்று, இரண்டு என்று மெதுவாக எண்ணுகிற குரல் கேட்டது. பத்து வந்ததும் கழுத்தில் இரண்டு சூடான கை பதிந்தது.

"ஆடாம இரு தம்பி" என்றார் சகாசுமே, சிவந்து கிடந்த காதை மடக்கிப் பிடித்தபடி. "இந்த ரெண்டு காதையும் வெட்டமாட்டேன்."